கைத்தொழில் கடனும் அண்டை நிலமும்

காரமடைச் சுற்றுப்புறம் கிணற்றுப் பாசனத்தையே பெரும்பாலும் நம்பியிருக்கும் பூமி. வடக்கே பவானி ஓடினாலும், மேட்டு நிலத்துத் தோட்டங்களில் கறிவேப்பிலையும் வாழையும் தென்னையும் பாக்கும் வளர்வது கிணற்று நீராலும் ஆழ்குழாய் நீராலுமேயாம். இத்தகைய தோட்டங்களின் நடுவிலும், ஊரை ஒட்டிய சாலையோரங்களிலும் இப்போது பலவிதமான சிறு தொழில்கள் பெருகி வருகின்றன. செங்கற்சூளை, நெசவுப் பட்டறை, சாயப்பட்டறை, வார்ப்படப் பட்டறை, தென்னைநார்த் தொழில், கோழிப்பண்ணை முதலியவை இவற்றுள் அடங்கும். இவற்றிற் பெரும்பான்மையும் கடன் பணத்தைக் கொண்டே நடைபெறுகின்றன. கடன் கொடுக்கும் பாங்கியானது பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் வரவு செலவுக் கணக்கையும் பார்த்துப் பணம் கொடுப்பது வழக்கம். ஆனால் அத்தொழிலின் கழிவு நீர் எங்கே போகிறது, மண் எங்கிருந்து வருகிறது, வேலையாட்கள் எந்நிலையில் இருக்கின்றனர் என்னும் மூன்று கேள்விகளையும் கேளாமற் கொடுக்கப்படும் கடன், எவ்வளவு நல்ல ஈட்டின்மீது கொடுக்கப்பட்டிருந்தாலும், பத்திரமான கடன் ஆகாது. இவ்வுண்மையைக் கொங்கு நாடு மிகுந்த விலை கொடுத்தே கற்றிருக்கிறது. அதனை நிலமுடையவர்களும் கிராம அதிகாரிகளும் அறிந்திருத்தல் அவசியம்.

1. கடனுக்கு அபாயம் வரும் வழிகள்

ஒரு தொழில் சுற்றுப்புறத்தைக் கெடுக்குமாயின், அதற்குக் கொடுத்த கடன் நான்கு வழிகளிற் பாதிக்கப்படும்.

முதலாவது, தொழில் நின்றுபோதல். மாசுக் கட்டுப்பாட்டு வாரியமோ நீதிமன்றமோ உத்தரவிட்டு மின்சாரத்தைத் துண்டித்தால், அன்றைக்கே வருமானம் நின்றுவிடும்; தவணையோ நிற்காது. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கடனைச் செயல்படாத கடன் என்று பாங்கி கணக்கிட வேண்டும் என்பது விதி.

இரண்டாவது, நஷ்டஈடு. பிறர் நிலத்துக்கும் நீருக்கும் விளைத்த கேட்டிற்குக் கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்பது இந்நாட்டு நீதிமன்றங்கள் ஒப்புக்கொண்ட கொள்கை. இத்தொகை கடன் வாங்கியவரின் கையிருப்பைக் கரைத்துவிடும்.

மூன்றாவது, ஈட்டின் மதிப்புக் குறைதல். உப்பேறிய கிணறும், முப்பதடி ஆழம் தோண்டப்பட்ட குழியும் உள்ள நிலத்தை ஏலத்திற்குக் கொண்டுவந்தால் கேட்பவர் அரியர். பட்டாவில் ஏக்கர் குறைவதில்லை, விலைதான் குறைகிறது.

நான்காவது, வேலையாட்களைப் பற்றிய குற்றம். கொத்தடிமைத் தொழில் முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சூளைகளிலும் ஆலைகளிலும் முன்பணம் கொடுத்து, அது தீருமளவும் குடும்பத்தையே வெளியேற விடாது வைத்திருத்தல் இச்சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். இத்தகைய இடத்தில் அதிகாரிகள் புகுந்து ஆட்களை விடுவிக்கும்போது தொழிலும் நின்று, உரிமையாளர் வழக்கிலும் சிக்குவர்.

2. நொய்யல் கற்பித்த பாடம்

நொய்யலாறு வெள்ளியங்கிரி மலைச்சாரலில் உற்பத்தியாகிக் கோயம்புத்தூர், திருப்பூர் வழியாய்ச் சென்று காவிரியிற் கலப்பது. திருப்பூரில் பின்னலாடைத் தொழில் ஓங்கவே, துணிகளை வெளுப்பதற்கும் சாயமேற்றுவதற்கும் நூற்றுக்கணக்கான பட்டறைகள் ஆற்றின் இரு மருங்கிலும் ஏற்பட்டன. அவற்றுட் பல சிறு முதலுடையவை. பாங்கிக் கடனைக் கொண்டு எழுந்தவை. சாயமேற்றுதற்கு உப்பு மிகுதியாக வேண்டியிருத்தலின், கழிவு நீரிலும் உப்பு மிகுந்திருந்தது. நிறத்தை ஓரளவு நீக்கும் சாதாரணச் சுத்திகரிப்பினால் கரைந்த உப்பு நீங்குவதில்லை.

திருப்பூருக்குக் கிழக்கே, சென்னிமலைப் பக்கத்திலுள்ள ஒரத்துப்பாளையத்தில் 1992ஆம் ஆண்டில் ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் அளிக்க எழுந்த அவ்வணை, சில ஆண்டுகளுக்குள்ளாகவே சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணை நீரைத் திறந்துவிட வேண்டாமென்று பாசனக்காரர்களே தடுக்க நேர்ந்தது. கிணறுகளில் உப்பு ஊறிற்று, பயிர் கருகிற்று, ஆடுமாடுகளுக்கும் அந்நீர் உதவவில்லை. இவ்விஷயத்தை ஆராய்ந்த சுற்றுச்சூழல் இழப்பு ஆணையம் 68 கிராமங்களைச் சேர்ந்த 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 இலட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கப்பட வேண்டுமென்று தீர்மானித்தது.

நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டு தீர்ப்பளித்தது. பட்டறைகள் ஒரு சொட்டுக் கழிவு நீரும் வெளியே விடலாகாது என்றும், கெடு முடியும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவிலிருந்து 10 பைசா வரை அபராதம் செலுத்த வேண்டும் என்றும் அதில் விதிக்கப்பட்டது. 2009 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டும் விவசாயிகள் பக்கத்தையே உறுதி செய்தது. அதன் பின்னும் கழிவு நீர் நிற்காமையால், 2011 ஜனவரி 28ஆம் தேதி ஹைகோர்ட்டு சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவிட்டது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் ஒருசேர நின்றன. பட்டறை நின்றதும் பின்னல், தையல் முதலிய சார்புத் தொழில்களும் தளர்ந்தன. கூலியாட்கள் பலர் சொந்த ஊர்களுக்குத் திரும்பினர். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைச் செப்பனிட அவ்வாண்டிலேயே மாநில அரசாங்கம் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடனாக அறிவித்தது.

இதில் கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. மூடப்பட்ட பட்டறைகளுட் பல, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் அங்கத்தினராய் இருந்தவையே. அங்கத்தினர் என்ற சீட்டைக் கண்டு திருப்தியடைந்த பாங்கிகள், அந்நிலையம் உப்பை உண்மையில் நீக்குகிறதா என்று விசாரித்திருந்தால், தங்கள் கடன் எவ்வளவு மெலிந்த ஆதாரத்தின்மேல் நிற்கிறது என்பதை முன்னரே உணர்ந்திருக்கக் கூடும்.

3. அருகிலுள்ள வேறு உதாரணங்கள்

காரமடைக்கு மிக அண்மையில், சிறுமுகையில் பவானிக்கரையில் இருந்த விஸ்கோஸ் ஆலையின் கழிவினால் ஆறு கெட்டதையும், கீழ்ப்புறக் கிராமத்தார் கிளர்ச்சி செய்ததையும், ஈற்றில் அவ்வாலை மூடப்பட்டு ஏராளமானோர் வேலையிழந்ததையும் மூத்தவர்கள் நன்கறிவர். அது பெரிய ஆலை. ஆனால் அங்கே கண்ட முறையே சிறு தொழிலுக்கும் பொருந்தும்.

சிறு தொழிலுக்கு நேரான உதாரணம் தடாகம் பள்ளத்தாக்கு. சின்னத்தடாகம், வீரபாண்டி, நஞ்சுண்டாபுரம், பன்னிமடை, சோமையம்பாளையம் ஆகிய பஞ்சாயத்துகளில் பல ஆண்டுகளாக நூற்றைம்பதுக்கு மேற்பட்ட செங்கற்சூளைகள் நடந்து வந்தன. செம்மண் ஆழமாகத் தோண்டப்பட்டமையால் ஓடைகளின் போக்கு மாறிற்று. யானைகளின் வழித்தடமும் சிதைந்தது. உரிய அனுமதிகள் இன்றி இயங்கியமை பற்றி 2021 மார்ச்சில் அச்சூளைகளை மூட உத்தரவு பிறந்தது. அங்கே நிலத்தை மண்ணுக்கு விட்டவர்கள் பெற்ற தொகை ஒரு முறை வந்து செலவாயிற்று. குழியோ நிலைத்து நிற்கிறது. செங்கல் மண்ணும் சிறு கனிமமே என்பதையும், தன் சொந்தப் பட்டா நிலத்திலிருந்து எடுப்பதாயினும் கனிம இலாகாவின் அனுமதி வேண்டும் என்பதையும் பலர் காலங்கடந்தே அறிந்தனர்.

பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னைநார்த் தொழிலும் இத்தகையதே. தேங்காய் மட்டையையும் நார்க்கழிவையும் நீரில் ஊறவைத்துக் கழுவும்போது வெளிவரும் செந்நிற நீர் அண்டைக் கிணறுகளிற் கசிவதாக முறையீடுகள் எழுந்தன. 2021ஆம் ஆண்டில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இத்தொழிலை வெள்ளை வகையிலிருந்து ஆரஞ்சு வகைக்கு மாற்றிற்று. நேற்று அனுமதி வேண்டாதிருந்த தொழிலுக்கும் நாளை அனுமதி வேண்டியதாகலாம் என்பதைக் கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் நினைவிற் கொள்ள வேண்டும்.

4. பாங்கி செய்ய வேண்டிய விசாரணை

பெரிய அணைகளுக்கும் ஆலைகளுக்கும் கடன் கொடுக்கும் உலகப் பாங்கிகள் பல, 2003ஆம் ஆண்டில் ஒன்றுகூடிச் சுற்றுப்புறத்தையும் மக்களையும் பற்றிய பொது விதிகளை ஏற்படுத்திக் கொண்டன. இந்திய ரிசர்வ் பாங்கியும் 2007 டிசம்பரில் இவ்விஷயத்தில் கவனம் செலுத்துமாறு பாங்கிகளுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. அவ்விதிகள் முழுவதையும் பத்து இலட்ச ரூபாய்க் கடனுக்கு அப்படியே பிரயோகித்தல் இயலாது, வேண்டியதும் இல்லை. சிறு கடனுக்கு ஏற்ற முறை நான்கு படிகளைக் கொண்டது.

(அ) தரம் பிரித்தல். தொழில்களை அவற்றின் மாசுக்கேற்பச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வாரியம் வகுத்திருக்கிறது. சாயமேற்றும் தொழில் சிவப்பு வகை. வெள்ளை வகைக்கு வாரியத்தின் இசைவு தேவையில்லை. தையற்கூடத்துக்கும் சாயப்பட்டறைக்கும் ஒரே விசாரணை நடத்துதல் வீண். அபாயம் மிகுந்த தொழிலில் மிகுந்த நேரத்தையும், குறைந்த தொழிலிற் குறைந்த நேரத்தையும் செலவிடுதலே முறை.

(ஆ) இடத்தை நேரிற் காணுதல். தொழில் நிறுவுமுன் ஓர் இசைவும், இயக்குமுன் மற்றோர் இசைவும் வாரியத்திடம் பெற வேண்டும். இவ்விரண்டின் நகலையும் பாங்கி வாங்குவதோடு, இடத்துக்கும் போய்ப் பார்க்க வேண்டும். ஆற்றிலிருந்து 1 கிலோமீட்டருக்குள்ளும், குறிப்பிட்ட ஆறுகளின் விஷயத்தில் 5 கிலோமீட்டருக்குள்ளும் அதிக மாசு தரும் தொழில்களைத் தொடங்குவதற்கு 1989, 1998ஆம் ஆண்டு அரசாணைகள் தடை விதித்தன. இவற்றில் வந்துள்ள திருத்தங்களை வாரிய அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். செங்கற்சூளை பற்றி 2022 பிப்ரவரியில் மத்திய அரசாங்கம் வெளியிட்ட அறிவிக்கையில், குடியிருப்புக்கும் பழத்தோட்டத்துக்கும் சூளைக்கும் இடையே 0.8 கிலோமீட்டர் தூரமாவது இருக்க வேண்டுமென்று கூறப்பட்டுள்ளது.

(இ) சுத்திகரிப்புச் செலவையும் சேர்த்துக் கணக்கிடுதல். இதுவே பெரும்பாலும் விடுபட்டுப் போவது. உதாரணமாக, ஒரு பட்டறை நாளொன்றுக்கு 50,000 லிட்டர் கழிவு நீர் விடுகிறது என்றும், மாதத்தில் 25 நாள் வேலை செய்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மாதத்துக்கு 12,50,000 லிட்டர் ஆகிறது. அதை முற்றிலும் சுத்திகரிக்க லிட்டருக்கு 20 பைசா ஆகுமானால் மாதச் செலவு ரூ. 2,50,000. மற்றச் செலவெல்லாம் போக ரூ. 5,00,000 மிஞ்சுவதாகவும் கடன் தவணை ரூ. 1,50,000 எனவும் கொண்டால், சுத்திகரிப்பைச் சேர்க்காதபோது ரூ. 3,50,000 இலாபம் தோன்றும், சேர்த்தபோது ரூ. 1,00,000 மட்டுமே நிற்கும். இக்கடன் மெலிந்ததாயினும் நிற்கக் கூடியது. தவணை ரூ. 3,00,000 ஆனால், மாதம் ரூ. 50,000 பற்றாக்குறை ஏற்படும். அப்போது உரிமையாளர் இரவில் மதகைத் திறந்துவிடும்படி நெருக்கப்படுவார். ஆகவே, தாங்கவொண்ணாத தவணையே ஆற்றைக் கெடுப்பதற்கு ஒரு காரணமாகிவிடுகிறது.

(ஈ) பத்திரத்தில் நிபந்தனை எழுதுதல். இசைவு புதுப்பிக்கப்பட்ட சான்றை ஆண்டுதோறும் காட்டுதல், சுத்திகரிப்பு இயந்திரம் பொருத்திய பின்னரே அடுத்த தவணைப் பணத்தைக் கொடுத்தல், வேலையாட்களின் வருகை, கூலிப் பதிவேடுகளைப் பார்வையிட அனுமதித்தல், வாரியத்தின் நோட்டீசு வந்தால் உடனே பாங்கிக்குத் தெரிவித்தல் ஆகியவை நிபந்தனைகளாக இருத்தல் நலம். குறை கண்டவுடன் கடனைத் திரும்பக் கேட்பது தக்க மருந்தன்று. குறையைத் தீர்க்கக் கெடுவும், வேண்டுமாயின் இயந்திரத்துக்குத் துணைக்கடனும் கொடுத்துப் பார்த்தபின், திருந்தாதவரிடம் கண்டிப்புக் காட்டுதலே உசிதம்.

5. நிலமுடையவர்கள் கவனிக்க வேண்டியவை

ஜாமீன்: உறவினர் பட்டறை வைக்கும்போது கையொப்பமிடும்படி கேட்பது நம் பக்கத்து வழக்கம். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது. கடனாளியை விட்டு ஜாமீன்தாரரை முதலிற் கேட்கவும் பாங்கிக்கு உரிமையுண்டு. எனவே மேற்கூறிய விசாரணையைப் பாங்கி செய்யாவிடினும், கையொப்பமிடுபவர் தாமே செய்துகொள்ள வேண்டும்.

அடமானம்: நீதிமன்றத்தை நாடாமலே ஈட்டைக் கைப்பற்றப் பாங்கிகளுக்கு அதிகாரம் தரும் 2002ஆம் ஆண்டுச் சட்டம், விவசாய நிலத்துக்குச் செல்லாது. ஆயினும் கிராமக் கணக்கில் நஞ்சை அல்லது புஞ்சை என்று எழுதியிருப்பது மட்டும் போதாது. உண்மையிற் பயிர் செய்யப்படுகிறதா என்பதையே நீதிமன்றங்கள் நோக்குகின்றன. பட்டறைக் கொட்டகை எழுந்த நிலம் இப்பாதுகாப்பை இழக்கக் கூடும்.

கிணற்று நீர்ப் பரீட்சை: பக்கத்தில் தொழில் ஏற்படுவதற்கு முன்னரே, கிணற்று நீரையும் மண்ணையும் பரீட்சை செய்வித்து, தேதியிட்ட சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டும். நீரின் மின்கடத்தும் திறன் 0.7க்குக் குறைந்தால் பாசனத்துக்குத் தடையில்லை, 3.0க்கு மேற்பட்டால் பெரும்பாலான பயிர்களுக்குக் கேடு. (அளவை டெசிசீமன்ஸ், மீட்டர் ஒன்றுக்கு.) முந்தைய சீட்டில்லாதவர், தம் கிணறு இயல்பிலேயே உப்புக் கிணறு என்ற எதிர்வாதத்துக்கு விடை சொல்ல இயலாமற் போவர். ஆண்டுக்கொரு முறை, கோடையிற் பரீட்சை செய்வித்தல் சிலாக்கியம்.

முறையீடு: கேடு கண்டவர் வாரியத்துக்கு எழுதுவதோடு, கடன் கொடுத்த பாங்கிக் கிளைக்கும் ஒரு நகல் அனுப்புதல் பயன் தரும். ஈட்டுக்கு வரும் அபாயத்தை எழுத்தில் அறிந்த பாங்கி, அறியாததுபோல் இருத்தல் கடினம்.

6. கிராம அதிகாரிகளின் பங்கு

அடங்கல், புலப்படம் இவற்றை வைத்திருப்பவர் கிராம நிர்வாக அலுவலர். ஓடைப் புறம்போக்கு எது, பள்ளம் எப்பக்கம் சரிகிறது, அருகில் எத்தனை பாசனக் கிணறுகள் உள்ளன என்பதை அவரைக் காட்டிலும் நன்கறிந்தவர் இலர். பாங்கி அலுவலர் இடம் பார்க்க வரும்போது, சர்வே எண்ணை மட்டும் காட்டி அனுப்பாமல், நீரோட்டத்தையும் காட்டுதல் கடமையாகும். வெளியூரிலிருந்து சூளைக்கும் பட்டறைக்கும் வந்து தங்கும் குடும்பங்களுக்குக் குடிநீர், கழிப்பிடம் உண்டா, குழந்தைகள் பள்ளிக்குச் செல்கின்றனரா, முன்பணத்துக்காக எவரும் தடுத்து வைக்கப்பட்டுள்ளனரா என்பதையும் கண்காணித்து, குறை கண்டவிடத்து வருவாய் அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். கொத்தடிமைகளை விடுவிக்கும் அதிகாரம் ஜில்லா நிர்வாகத்திடமே உள்ளது.

7. ஓர் ஆட்சேபம்

இவ்விதிகளால் சிறு தொழில் செய்பவர் நசுங்கிப் போவர் என்றும், பெரிய முதலாளிகளே பிழைப்பர் என்றும் சிலர் கூறுவர். இதில் உண்மையும் உண்டு. தனித்தனியே சுத்திகரிப்பு இயந்திரம் வைக்கச் சிறு பட்டறைக்கு வசதி போதாது. அதற்குப் பரிகாரம் விசாரணையைக் கைவிடுதல் அன்று. பலர் கூடிப் பொது நிலையம் அமைப்பதும், அதற்கு நீண்ட கெடுவில் கடன் கிடைக்கச் செய்வதுமேயாம். 2011ல் திருப்பூரில் முதலில் வீழ்ந்தவர்கள் கையிருப்பில்லாத சிறு பட்டறைக்காரர்களும் கூலிக்காரர்களுமே என்பதை நோக்கின், விசாரணையின்மையே அவர்களுக்குப் பெருங்கேடாய் முடிந்தது என்பது விளங்கும்.

கோயம்புத்தூர் ஜில்லாவின் கையேட்டை 1887ஆம் ஆண்டில் எழுதிய பிரடெரிக் நிக்கல்சன் துரை, பின்னர் விவசாய பாங்கிகளைப் பற்றி ஆராய்ந்து, 1895 முதல் அறிக்கை வெளியிட்டார். ஒருவரையொருவர் நன்கறிந்த சிறிய எல்லைக்குள் இயங்கும் கிராம நாணய சங்கமே நம் நாட்டுக்கு ஏற்றது என்பது அவர் கண்ட முடிபு. 1904ஆம் ஆண்டில் வந்த கூட்டுறவுச் சட்டத்துக்கு அவ்வறிக்கை வழி கோலிற்று. அண்டையிலிருப்பவரின் அறிவே கடனுக்குச் சிறந்த காவல் என்னும் அக்கொள்கை, பாங்கிக் கிளைகள் பெருகிய இக்காலத்திலும் பழுதுபடவில்லை. எந்தப் பள்ளத்தில் எந்நிறத்து நீர் ஓடுகிறது என்பதைத் தோட்டத்துக்காரர் அறிவர். அவ்வறிவு பாங்கியின் பதிவேட்டில் ஏறுமாறு செய்தலே இப்போது வேண்டியது. கடன் தீர்ந்தபின் பட்டறை வேறிடம் போகலாம், பட்டறைக்காரரும் போகலாம். உப்பேறிய கிணறு அவ்விடத்திலேயே, அடுத்த தலைமுறைக்கும் கிணறாக இருந்தாக வேண்டும்.